கேட்டல் முதலில், பேச்சு பிறகு: செவித்திறன் குறைந்த குழந்தைகளின் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

செவித்திறன் குறைந்த என் மகளுக்குக் கேட்கவும் பேசவும் பழக்கிய ஆண்டுகளிலும், அதன் பிறகு புதிதாகக் கருவி மாட்டிய குழந்தைகளின் பெற்றோருடன் பயிற்சி அறையில் உட்கார்ந்திருந்த காலத்திலும், பலரும் ஒரே இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கருவி பொருத்திய மறுநாளே அவர்கள் பேச்சிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். குழந்தையின் முன்னால் உட்கார்ந்து, "சொல்லு, அம்மா சொல்லு" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். கேட்டுப் பழகாத சொல்லைக் குழந்தை எப்படிச் சொல்லும்?

கருவி சரியாக வேலை செய்வது, ஒலி இருப்பதை உணர்வது, ஒலிகளுக்கிடையே வேறுபாடு தெரிவது, பொருள் விளங்குவது, அதன் பிறகு பேச்சு என்ற வரிசையில்தான் இது நடக்கிறது. காது கருவியோ, அறுவை சிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் கருவியான காக்ளியர் இம்ப்ளாண்டோ பொருத்திய, ஏறத்தாழ ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். செவியியல் நிபுணரும் பேச்சுப் பயிற்சியாளரும் தரும் பயிற்சியோடு சேர்த்து வீட்டில் செய்ய வேண்டியவை இவை. அவர்களுக்குப் பதிலாக இவற்றை வைத்துக்கொள்ள முடியாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், இரண்டு காதுகளுக்கும் தனித்தனியாக எடுத்த பரிசோதனை முடிவு வேண்டும். கைக்குழந்தை என்றால், ஒலிக்குக் கேட்கும் நரம்பு எப்படிப் பதில் தருகிறது என்று தூங்கும்போது அளக்கும் பெரா பரிசோதனையின் முடிவும், சற்று வளர்ந்த குழந்தை என்றால் கேட்கும் திறனின் வரைபடமான ஆடியோகிராமும் இருக்கும். அதை வாங்கிக் கோப்பில் வைத்துவிடாமல், நிபுணரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கருவி இல்லாமல் எந்தப் பேச்சொலிகள் என் குழந்தையின் காதுக்கு எட்டும்? கருவியோடு எவை எட்டும்?

ஆடியோகிராமில் இடமிருந்து வலமாகத் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரையும், மேலிருந்து கீழாக மெல்லிய ஒலியிலிருந்து உரத்த ஒலி வரையும் குறித்திருப்பார்கள். பேச்சொலிகள் வாழைப்பழம்போல் வளைந்த ஒரு பகுதிக்குள் அடங்கும். அந்தப் பகுதியை உங்கள் கண்முன்னே வரைந்து காட்டச் சொல்லுங்கள். எட்டாத ஒலியைக் குழந்தையிடம் எதிர்பார்த்து மாதக்கணக்கில் உழைப்பதை அந்த ஒரு படம் தடுக்கும்.

பிறந்த 1 மாதத்துக்குள் முதற்கட்டப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்குதல் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் கால இலக்கு. மூளையின் கேட்கும் பகுதி முதல் சில ஆண்டுகளில்தான் ஒலிக்கு மிக எளிதாக இணங்கி வளர்கிறது என்பதே இந்த அவசரத்துக்குக் காரணம். இந்தக் கெடு தாண்டிவிட்டது என்று தெரிய வரும் பெற்றோர் குற்றவுணர்வில் உறைந்துபோவதைக் கண்டிருக்கிறேன். அந்த வருத்தத்துக்குள்ளேயே இன்னொரு மாதம் போய்விடக் கூடாது, இன்றே தொடங்குங்கள். மெனிஞ்சைடிஸ் என்ற மூளையுறைக் காய்ச்சலால் செவித்திறன் போன குழந்தைக்கு மட்டும் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அந்த நோய்க்குப் பிறகு உட்காதின் நத்தைச் சுருளுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், காக்ளியர் இம்ப்ளாண்ட் குறித்த முடிவை விரைந்து எடுக்க வேண்டியிருக்கும்.

கருவியோடு கூடவே மாற்று பேட்டரிகள், பேட்டரியின் சக்தியைப் பார்க்கும் சிறு சோதனைக் கருவி, காது கருவியின் ஒலியை நீங்களே கேட்டுப் பார்ப்பதற்கான குழாய், காதுக்குள் பொருந்தும் அச்சான மோல்டின் துளையிலிருந்து ஈரத்தை வெளியேற்றும் கைப்பம்பு, இரவில் கருவியை வைக்க ஈரம் உறிஞ்சும் டப்பா, கருவியை உடையோடு இணைக்கும் கயிறு, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காக்ளியர் இம்ப்ளாண்ட் என்றால் கேட்டுப் பார்க்கும் குழாய் பயன்படாது. அதில் மைக்கின் வேலையைச் சரிபார்ப்பது எப்படி என்று நிபுணரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

பேட்டரி மூடிக்குப் பூட்டு இருக்கட்டும். குழந்தை பொத்தான் பேட்டரியை விழுங்கினால், அறிகுறி தெரிகிறதா என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது உணவுக்குழாயை அரித்துவிடும்.

2. விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்கட்டும்

பயிற்சி நேரத்தில் மட்டும் கருவியை மாட்டிவிட்டுப் பிறகு கழற்றி வைப்பது புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. கேட்கும் குழந்தை பாடம் நடக்கும்போது மட்டும் கேட்பதில்லை. பக்கத்து அறையில் இருவர் பேசுவதையும், கதவு சாத்தப்படுவதையும், அழைப்பு மணியையும் நாள் முழுவதும் தற்செயலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சொற்களில் பெரும்பகுதி அப்படித்தான் உள்ளே போகிறது.

குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழற்றுங்கள். கண் விழித்ததும் முகம் கழுவி, துடைத்து, கருவியை மாட்டுங்கள். பிடுங்கி எறியும் குழந்தைக்கு முதலில் பிடித்த விளையாட்டு நடக்கும் நேரத்தில் மாட்டுங்கள். கழற்றினால் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் மீண்டும் மாட்டுங்கள். கழற்றியதும் எல்லோரும் ஓடிவந்தால், கவனத்தை ஈர்க்க அதுவே நல்ல வழி என்று குழந்தை கற்றுக்கொள்ளும்.

ஒத்துழைத்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று கருவியைப் பிடுங்கத் தொடங்கினால் அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். காதில் புண் இருக்கலாம், சீழ் இருக்கலாம், ஒலியளவு வலிக்குமளவுக்கு ஏறியிருக்கலாம்.

கருவி விசில் அடித்தால் பெரும்பாலும் மோல்ட் தளர்ந்திருக்கும். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் விசில் வரும். முதல் ஆண்டில் காது வேகமாக வளர்வதால் சில வாரங்களுக்கு ஒருமுறைகூட மோல்டை மாற்ற வேண்டியிருக்கலாம். விசில் தாங்காமல் ஒலியளவைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் விசில் நிற்கும், பேச்சும் கேட்காமல் போகும். புது மோல்டுக்கு அளவெடுக்கச் செல்வதே சரியான வழி.

காது கருவிகளில் போடும் ஜிங்க் ஏர் பேட்டரியின் துளையை மூடியிருக்கும் ஒட்டியைப் பிரித்ததும் உடனே கருவிக்குள் போடாமல், சில நிமிடங்கள் காற்றுபட வைத்துவிட்டுப் போடுங்கள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டே இயங்குகிறது. அவசரப்பட்டு மூடினால் முழுச் சக்தி வராது. பிரித்த ஒட்டியைத் திரும்ப ஒட்டினாலும் பேட்டரி தீர்வது நிற்காது.

மருத்துவமனைக்குச் செல்லும்போது, ஒரு நாளில் சராசரியாக எத்தனை மணி நேரம் கருவி இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். இன்றைய கருவிகள் பலவும் அதைப் பதிந்து வைக்கின்றன. நாம் நினைக்கும் கணக்கும் கருவி சொல்லும் கணக்கும் ஒத்துப்போவது அரிது.

3. காலைதோறும் ஆறு ஒலிச் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். டேனியல் லிங் என்ற பேராசிரியர் வகுத்த இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பேச்சின் முழுப் பரப்பையும் தொட்டுவிடுகின்றன. ம் அடியில் இருக்கிறது. ஸ் பெரும்பாலும், சுருதியை அளக்கும் அலகில், 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது.

குழந்தையின் பக்கவாட்டிலோ பின்னாலோ, கருவிக்கு அருகில் உட்காருங்கள். உதடு தெரியக் கூடாது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேச வேண்டாம், ஏனென்றால் உயர்ந்த சுருதி ஒலிகளைக் கை தடுத்துவிடும். இயல்பான குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். முதலில் ஒரு சாண் தொலைவு, பிறகு 1 மீட்டர், பிறகு 3 மீட்டர் என்று விலகிச் செல்லுங்கள். ஒரு காதுக்கு முடித்த பிறகு மறு காதுக்குச் செய்யுங்கள். இரண்டையும் சேர்த்துச் சோதித்தால், நன்றாக இயங்கும் கருவி பழுதான கருவியை மறைத்துவிடும்.

கைக்குழந்தை பால் குடிப்பதை ஒரு கணம் நிறுத்தும், அல்லது கண்ணை அகல விரிக்கும். இரண்டு வயதுக் குழந்தையிடம் ஒரு கட்டையைக் கொடுத்துக் கன்னத்தருகே பிடிக்கச் சொல்லி, ஒலி கேட்டதும் டப்பாவில் போடப் பழக்கலாம். பேசும் குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்லும். திருப்பிச் சொல்லும் கட்டம் வந்துவிட்டால் இந்தச் சோதனை பொன்னாகிவிடும், ஏனென்றால் கேட்கிறதா என்பதோடு எப்படிக் கேட்கிறது என்பதும் அப்போது தெரிகிறது.

என் மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு நாள் காலையில் நான் "ஈ" என்றேன். அவள் "ஊ" என்றாள். மறுபடி சொன்னேன், மறுபடியும் "ஊ". ம், ஆ இரண்டும் சரியாக வந்தன. ஷ், ஸ் இரண்டுக்கும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தாள். பெயர் சொல்லி அழைத்தால் வழக்கம்போலவே திரும்பினாள். ஈ, ஊ இரண்டுக்கும் 300 ஹெர்ட்ஸை ஒட்டிய கீழ்ப்பகுதி ஏறக்குறைய ஒன்றே. ஈ என்பதைப் பிரித்துக் காட்டுவது 2000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பகுதி, அது கேட்காவிட்டால் ஈயும் ஊ போலத்தான் ஒலிக்கும். மோல்டின் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது வளைவில் கடுகளவு நீர்த்துளி நின்றிருந்தது. கைப்பம்பால் ஊதி வெளியேற்றியதும் ஈ திரும்பி வந்தது. அதற்கு முந்தைய நான்கு நாட்களும் நான் சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தேன். அந்த நான்கு நாட்களில் அவளுக்கு எவ்வளவு பேச்சு எட்டாமல் போனது என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

இதில் மூன்று பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. ஆறையும் ஒரே வரிசையில் சொன்னால் குழந்தை வரிசையை மனப்பாடம் செய்துவிடும். ஆகவே மாற்றிச் சொல்லுங்கள், இடையிடையே சில நொடிகள் பேசாமலும் இருங்கள். ஆ என்பதை நீட்டியும் ஸ் என்பதைச் சுருக்கியும் சொன்னால் குழந்தை நீளத்தை வைத்தே கண்டுபிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவு நீட்டுங்கள். ஸ் என்பதை "ஸு" என்றோ "ஸா" என்றோ சொன்னால் குழந்தைக்குக் கேட்பது அதிலுள்ள உயிரெழுத்தாக இருக்கும். ஸ் தனியாகக் காற்றொலியாக வர வேண்டும்.

4. கேட்பதற்கு ஏற்ற இடம்

தொலைவு இரட்டிப்பாகும்போது ஒலி சுமார் 6 டெசிபெல் குறைகிறது. நான்கு மீட்டர் தள்ளி நின்று கத்துவதைவிட அரை மீட்டர் அருகில் உட்கார்ந்து இயல்பாகப் பேசுவது குழந்தைக்குத் தெளிவாகக் கேட்கும். கத்தினால் உயிரெழுத்துகள் பெருத்து மெய்யெழுத்துகளை மூடிவிடும்.

கருவி ஒலியைப் பெருக்கும்போது மின்விசிறியின் இரைச்சலையும் தொலைக்காட்சியையும் சேர்த்தே பெருக்குகிறது. யாரும் பார்க்காத தொலைக்காட்சியை நிறுத்துங்கள். திரைச்சீலையும் தரைவிரிப்பும் எதிரொலியைக் குறைக்கும். ஒரு காது மற்றதைவிட நன்றாகக் கேட்குமானால் அந்தப் பக்கம் உட்காருங்கள்.

5. ஒலி இருக்கிறது என்பதை உணர்த்துதல்

முதல் வாரங்களில் குழந்தை எதற்கும் திரும்பாமல் இருக்கலாம். ஒலி மூளைக்குப் போய்ச் சேர்ந்தாலும், அதைக் கவனிக்க வேண்டும் என்பது குழந்தைக்கு இன்னும் தெரியாது. அதைத்தான் இந்தக் கட்டத்தில் கற்றுத் தருகிறோம்.

கதவு தட்டப்படும்போது வேலையை நிறுத்துங்கள். உங்கள் காதைத் தொட்டுக் காட்டி, "கேட்டுச்சா? யாரோ கதவைத் தட்டறாங்க" என்று சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து காட்டுங்கள். ஒலிக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது என்பது அந்த நடையில்தான் குழந்தைக்குப் புரிகிறது. தண்ணீர்க் குழாய், தொலைபேசி, மழை என நாளுக்குப் பத்து முறை இப்படி வாய்க்கும்.

குழந்தையின் பெயரை நாள் முழுவதும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோதிக்காதீர்கள். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பதையும் தடுத்துவிடுங்கள். திரும்பிப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை என்பது இரண்டு நாளில் குழந்தைக்குத் தெரிந்துவிடும். பிறகு கேட்டாலும் திரும்பாது. பெயர் சொல்லி அழைத்தால், திரும்பியதும் காட்டவோ கொடுக்கவோ ஏதாவது உங்கள் கையில் இருக்கட்டும்.

6. ஒலியைப் பொருளோடு சேர்த்தல்

ஒவ்வொரு பொம்மைக்கும் ஓர் ஒலியைப் பிணைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு "ம்மாஆஆ", பூனைக்கு "மியாவ்", ரயிலுக்கு "கூ... சிக்கு புக்கு", தூங்கும் பொம்மைக்கு "ஷ்ஷ்ஷ்", ஊர்ந்து போகும் பாம்புக்கு "ஸ்ஸ்ஸ்". நீளமும் ஏற்ற இறக்கமும் ஒன்றுக்கொன்று வேறாக இருப்பதால், தனிச்சொற்களைவிட இவற்றைப் பிரித்தறிவது எளிது. ஆறு ஒலிச் சோதனையில் வரும் ஒலிகளும் விளையாட்டாகவே பழகிவிடும்.

இதில் ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் கேட்க வேண்டும், பிறகு பார்க்க வேண்டும், பிறகு மீண்டும் கேட்க வேண்டும். பொம்மையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு "ம்மாஆஆ" என்று சொல்லி, காத்திருந்து, அதன் பிறகு எடுத்துக் காட்டி, மறுபடி "ம்மாஆஆ" என்று சொல்லுங்கள். முதலிலேயே பொம்மையைக் காட்டிவிட்டால் குழந்தையின் கவனம் முழுவதும் கண்ணுக்குப் போய்விடும். காதுக்கு வேலை இராது.

7. வேறுபாடு தெரியப் பழக்குதல்

இந்தக் கட்டத்தில் வரிசை தவறினால் குழந்தை சோர்ந்துபோகும். கடினமான இணையை முதலில் வைத்துவிட்டு, குழந்தைக்கு வரவில்லை என்று முடிவுகட்டிய பெற்றோர் பலரை அறிவேன். தமிழுக்கென்று நான் பின்பற்றிய வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் நீளத்தில் பெரிதும் வேறுபடும் சொற்களை எடுங்கள்: "பூ", "பட்டாம்பூச்சி". இரண்டு படங்களைக் குழந்தையின் முன் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்றின் பெயரைச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். குறைந்த செவித்திறனிலும் நீளம் பிடிபடும்.

அடுத்து, ஒரே நீளமுள்ள, ஆனால் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் வேறான சொற்கள்: "வீடு", "பந்து". அதன் பிறகு குறிலும் நெடிலும் மட்டும் வேறுபடும் இணைகள்: "கல்", "கால்", "பல்", "பால்". பார்வைக்கு இவை கடினமாகத் தோன்றினாலும், வேறுபாடு கால அளவில் இருப்பதால் பல குழந்தைகளுக்கு எதிர்பார்த்ததைவிட விரைவாக வந்துவிடுகின்றன. தமிழ் இந்த வகையில் நமக்குத் துணைநிற்கிறது. ஆனால் "பூ", "தீ" போன்ற ஊகார ஈகார இணையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். காரணத்தை மூன்றாம் பகுதியிலேயே சொன்னேன்.

கடைசியில்தான் முதல் மெய்யெழுத்து மட்டும் மாறும் சொற்கள் வர வேண்டும். நாய், வாய், காய், பாய், தாய் என்ற ஐந்தும் இதற்குக் கிடைத்த அருமையான தொகுப்பு. இவற்றுக்குள்ளும் வரிசை உண்டு. "நாய்" மூக்கொலியில் தொடங்குகிறது, "காய்" வல்லினத்தில் தொடங்குகிறது. இந்த இணையை முதலில் எடுங்கள். "காய்", "பாய்", "தாய்" மூன்றும் வல்லினத்திலேயே தொடங்குபவை. ஒலி பிறக்கும் இடம் மட்டுமே வேறு என்பதால் இவற்றை இறுதியில் வையுங்கள். "பாய்" என்று சொல்லும்போது உதடு ஒட்டுவதைப் பார்த்தே குழந்தை எடுத்துவிடும். அது உதட்டைப் படிப்பதாகுமே தவிரக் கேட்டதாகாது. ஆகவே பக்கத்தில் உட்காரும் விதியை இங்கே கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

இரண்டு படங்களில் தொடர்ந்து சரியாக எடுத்தால் மூன்று, பிறகு நான்கு, பிறகு ஆறு என்று கூட்டுங்கள். இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் பாதி சரியாக வந்துவிடும்; எனவே இரண்டு படங்களில் கிடைக்கும் வெற்றியை மட்டும் நம்பி அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். தவறாக எடுத்தால் படத்தைச் சுட்டிக் காட்டாமல், சொல்லை மட்டும் இன்னொரு முறை சொல்லுங்கள். மீண்டும் தவறினால் எளிய இணைக்கு இறங்கி, அங்கே வென்ற பிறகு நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இந்த விளையாட்டு வேண்டாம்.

8. சொல்லிவிட்டுக் காத்திருத்தல்

பயிற்சி அறையில் ஒரு தந்தை தன் மகனிடம் "பந்து எங்கே?" என்று கேட்டார். ஒரு நொடி கழித்து மறுபடி கேட்டார், பிறகு பந்தைச் சுட்டினார், பிறகு அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். இத்தனையும் நான்கு நொடிகளுக்குள் நடந்துவிட்டன. அடுத்த முறை கேட்டதும் மனத்துக்குள் பத்துவரை எண்ணும்படி அவரிடம் சொன்னேன். எண்ணும்போது அவருடைய விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஏழோ எட்டோ வந்தபோது பையனின் கண் அலமாரிப் பக்கம் போனது. பிறகு தலை திரும்பியது. பிறகு எழுந்து போய்ப் பந்தை எடுத்து வந்தான். அந்தத் தந்தை அழுதுவிட்டார்.

கேட்ட ஒலியைச் சொல்லாக அறிந்து, சொல்லைப் பொருளோடு இணைத்து, பிறகு செயல்படக் குழந்தைக்கு நேரம் பிடிக்கிறது. இடையில் நாம் மறுபடி பேசினால் அது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும்போது சற்று முன்னால் சாய்ந்து, பதிலை எதிர்பார்க்கும் முகத்தோடு இருங்கள். இப்போது தன் முறை என்பது குழந்தைக்குப் புரியும்.

9. அன்றாட வேலைகளில் மொழியைச் சேர்த்தல்

அரை மணி நேரப் பயிற்சியைவிட, உடை மாற்றுவது, குளிப்பாட்டுவது, துணி மடிப்பது போன்ற வேலைகளில் நாள் முழுவதும் நிகழும் பேச்சுதான் மொழியைத் தருகிறது. ஒரே சொல் ஒரே சூழலில் மீண்டும் மீண்டும் வருவதே காரணம். "சட்டை எங்கே? இதோ சட்டை. சட்டையைப் போடலாமா? கையை உள்ளே விடு" என்று செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். தனித்தனிச் சொற்களாக அல்லாமல் குறுகிய முழு வாக்கியங்களாகப் பேசுங்கள். சொல்லின் ஓசைநயமும் இலக்கணமும் வாக்கியத்தில்தான் இருக்கின்றன.

வீட்டில் நீங்கள் பேசும் தமிழிலேயே பேசுங்கள். தெளிவாக இருக்கும் என்று எண்ணிச் சிலர் எழுத்துத் தமிழில் பேசத் தொடங்குகிறார்கள். வீட்டில் வேறு யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பதால் குழந்தைக்கு அது பயன்படாது. ஆங்கிலத்துக்கு மாறும்படி யாரேனும் சொன்னாலும், உங்களுக்குச் சரளமாக வராத மொழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தாலாட்டவும் கோபிக்கவும் கதை சொல்லவும் உங்களுக்கு எந்த மொழி வருமோ, அதில்தான் குழந்தைக்கு வளமான பேச்சு கிடைக்கும்.

தமிழில் ஒரு சிக்கலை மட்டும் கவனத்தில் வையுங்கள். நம் இலக்கணம் சொல்லின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது; பேசும்போது அந்தக் கடைசியைத்தான் நாம் விழுங்குகிறோம். "அவள் வந்தாள்" என்பது பேச்சில் "அவ வந்தா" ஆகிறது. "வந்தான்" என்பதில் மூக்கொலி மட்டுமே எஞ்சுகிறது. "பெட்டியை", "பெட்டியில", "பெட்டிக்கு" என்ற மூன்றும் செவித்திறன் குறைந்த குழந்தைக்கு "பெட்டி" என்று மட்டுமே கேட்கக்கூடும். எனவே தேவைப்படும் இடத்தில் அந்த உருபைச் சற்று நீட்டி அழுத்துங்கள்: "பெட்டிக்கு உள்ளேஏ... பெட்டிக்கு மேலேஏ". குழந்தை பிடித்துக்கொண்டதும் அழுத்தத்தைக் குறைத்து இயல்பான பேச்சுக்குத் திரும்புங்கள். எப்போதும் அழுத்தியே பேசினால், வெளியார் பேசும் இயல்பான தமிழ் குழந்தைக்கு விளங்காமல் போகும்.

புரிதல் வளர வளர, கேட்டு நினைவில் வைக்க வேண்டியவற்றைக் கூட்டுங்கள். முதலில் "செருப்பை எடு". பிறகு "செருப்பையும் தொப்பியையும் எடு". பிறகு "சிவப்புத் தொப்பியை எடுத்துக் கட்டில்மேல வை". சொல்லும்போது கண்ணாலோ கையாலோ அந்தப் பொருளைக் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள். இது தன்னையறியாமல் எல்லோரும் செய்யும் பிழை.

10. பேச்சு வரத் தொடங்கும்போது

முதலில் வருவது சொல்லாக இராது. குழந்தை "ஆ... ஆ" என்றால் நீங்களும் அதே ஏற்ற இறக்கத்தோடு "ஆ... ஆ" என்று சொல்லிக் காத்திருங்கள். பேச்சு என்பது முறைவைத்து மாறி மாறி நிகழ்வது என்பதை இந்த விளையாட்டு கற்றுத் தருகிறது. தன் குரல் தனக்கே கேட்கிறது என்ற மகிழ்ச்சியும் அப்போது பிறக்கிறது.

குழந்தை "தூ" என்று பூவைக் காட்டினால், "தூ இல்லை, பூ சொல்லு" என்று திருத்தாதீர்கள். "ஆமாம், பூ! மஞ்சள் பூ!" என்று சரியான ஒலியை மகிழ்ச்சியோடு திருப்பிக் கொடுங்கள். திருத்தப்படும் குழந்தை பேசுவதைக் குறைத்துக்கொள்ளும். சரியாகக் கேட்கும் குழந்தை காலப்போக்கில் தானே திருத்திக்கொள்ளும். சொல்லும் ஒவ்வொரு சொல்லோடும் ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பித் தாருங்கள். "பந்து" என்றால் "பெரிய பந்து". "பெரிய பந்து" என்றால் "பெரிய பந்து உருண்டு போச்சு".

வாயை அகலத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துச் சொல்லித் தர வேண்டாம். அப்படிக் கற்ற குழந்தைகள் உதட்டை மட்டும் அசைத்துக் குரலே இல்லாமல் "பேசுவதை" நான் பார்த்திருக்கிறேன். ழ, ள, ற போன்றவை கேட்கும் குழந்தைகளுக்கே தாமதமாக வருபவை. அவற்றுக்காக அவசரப்பட வேண்டாம்.

11. குறித்து வைத்தலும், உதவி கேட்க வேண்டிய நேரமும்

குழந்தையின் முன்னேற்றத்தைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாதீர்கள். கருவியை முழுநேரம் அணியத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடுங்கள். அதுவே கேட்கும் வயது. கேட்கும் குழந்தையும் ஏறத்தாழ ஓராண்டு கேட்ட பிறகுதான் முதல் சொல்லைச் சொல்கிறது. ஆறு மாதக் கேட்கும் வயதுள்ள மூன்று வயதுக் குழந்தையைப் பக்கத்து வீட்டு மூன்று வயதுக் குழந்தையோடு ஒப்பிடுவது அநியாயம்.

நோட்டில் நாளுக்கு மூன்று வரி போதும்: ஆறு ஒலிச் சோதனையின் முடிவு, புதிதாகப் புரிந்த சொல், புதிதாகச் சொன்ன சொல். புரிந்த சொற்களின் பட்டியல் முதலில் நீளும். பேசும் சொற்கள் பின்தொடரும். புரிதல் வளர்கிறது என்றால் பாதை சரி என்று பொருள்.

நேற்றுவரை கேட்ட ஒலி இன்று கேட்காமல், பேட்டரியும் குழாயும் சரியாகவே இருந்தால், காத்திருக்காமல் நிபுணரைப் பாருங்கள். சளிப் பிடித்த குழந்தைக்கு நடுக்காதில் நீர் தேங்கியிருக்கலாம். ஒலி இருப்பது தெரிகிறது, ஆனால் மாதங்கள் கடந்தும் சொல் விளங்கவில்லை என்றால், கேட்கும் நரம்பு ஒலியைச் சீராகக் கடத்துகிறதா என்று பார்க்க வேண்டும். காக்ளியர் இம்ப்ளாண்ட் என்றால், குழந்தைக்கேற்ப அதன் அளவுகளை அமைக்கும் மேப்பிங்கை மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். நோட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள்; "கொஞ்சம் சரியாகக் கேட்கவில்லை" என்று சொல்வதைவிட "செவ்வாய்க்கிழமையிலிருந்து வலது காதில் ஷ், ஸ் இரண்டும் இல்லை" என்று சொன்னால் அவர்கள் உடனே காரணத்தைத் தேட முடியும்.

முறையாக எல்லாம் செய்தும் சில குழந்தைகளுக்குக் கேட்டல் வழியாக மட்டும் மொழி போதுமான வேகத்தில் வருவதில்லை. அப்போது சைகை மொழியைத் தோல்வியின் அடையாளமாகக் கருத வேண்டாம். அது முழுமையான மொழி. குழந்தை எந்த மொழியும் இல்லாமல் ஆண்டுகளைக் கடத்துவதுதான் ஈடுசெய்ய முடியாத இழப்பு.

12. பள்ளிக்கு அனுப்பும் முன்

வகுப்பறையில் இரைச்சலும் தொலைவும் ஒன்றாகச் சேர்கின்றன. ஆசிரியரின் குரல் இரைச்சலைவிட 15 டெசிபெல் அளவுக்கு உயர்ந்திருந்தால் செவித்திறன் குறைந்த குழந்தைக்குத் தெளிவாக விளங்கும் என்பது நிபுணர்கள் சொல்லும் அளவு. சாதாரண வகுப்பில் அது அமைவது அரிது. ஆசிரியர் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கம்பியில்லா மைக் அவருடைய குரலை நேராகக் கருவிக்கு அனுப்பும். உங்கள் குழந்தையின் கருவியோடு அது இணையுமா என்று கருவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முன்வரிசையில், சன்னலுக்கும் வாசலுக்கும் தள்ளி இடம் கேளுங்கள். ஆசிரியரை ஒரு முறை நேரில் சந்தித்து, பேட்டரி மாற்றுவதையும் ஆறு ஒலிச் சோதனையையும் அவர் கையாலேயே செய்யச் சொல்லிக் காட்டுங்கள். குழந்தையின் பையில் மாற்று பேட்டரிகளையும், சோதனை முறையை நான்கு வரிகளில் எழுதிய ஓர் அட்டையையும் வையுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளையும் போலவே இதுவும் "புரிந்தது" என்றுதான் சொல்லும், ஆகவே என்ன சொன்னேன் என்று திருப்பிச் சொல்லச் சொல்லுமாறு அந்த அட்டையின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.